பழவேற்காடு ஏரியில் விடியலைப் படமெடுக்க: ஒரு முழு வழிகாட்டி

பழவேற்காட்டு விடியல் என்று இணையத்தில் தேடிப் பாருங்கள். பாதிக்கு மேல் ஒரே படம்தான் வரும். நடுவில் ஆரஞ்சு வட்டம், அதன் கீழே கறுப்பாக ஒரு கோடு, கோட்டுக்கு மேலும் கீழும் ஒன்றுமில்லை. எடுத்தவர்களிடம் நல்ல கேமரா இருந்திருக்கும், நேரத்துக்கும் வந்திருப்பார்கள், சூரியனும் குறை வைக்காமல் உதித்திருக்கும். படத்தில் ஏரியைத்தான் காணோம்.

ஈரநிலத்தில் விடியலை எடுக்கப் போகிறவர் எடுக்க வேண்டியது தண்ணீரை. சூரியன் அதற்கு விளக்குப் பிடிக்க வருகிற ஆள், அவ்வளவுதான். இதை ஒப்புக்கொண்டால் எப்போது போவது, எங்கே நிற்பது, எந்த லென்ஸ் மாட்டுவது என்று எல்லாவற்றுக்கும் பதில் மாறிவிடுகிறது.

பழவேற்காட்டை எடுத்துக்கொள்ளக் காரணம் உண்டு. சென்னைக்கு வடக்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டர். ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரி. பெரும்பகுதி ஆந்திரத்தில் கிடக்கிறது, தெற்கு முனைதான் நம் பக்கம். ஏரிக்கும் கடலுக்கும் நடுவே நீளமான மணல்திட்டு, அதன் பெரும்பகுதிதான் ஸ்ரீஹரிகோட்டா. ஏரியின் பல இடங்களில் இடுப்பளவுகூட ஆழம் கிடையாது. படம் எடுப்பவருக்கு இந்த ஆழமின்மைதான் சொத்து. கரையிலிருந்து வெகுதூரம் தள்ளியும் வலைக்கம்புகள் நட்டு நிற்கும், கொக்கும் நாரையும் நடு ஏரியில் காலூன்றி நிற்கும், இறால் தடவுகிற பெண்கள் தண்ணீருக்குள் நடந்து போவார்கள். வெறும் நீர்ப்பரப்பில் கண்ணுக்குப் பிடிமானம் தருபவை இவைதான்.

எந்த மாதம்

நவம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி முடியும் வரை என்று வைத்துக்கொள்ளுங்கள். வடகிழக்குப் பருவமழை ஏரியை நிரப்பிவிட்டு ஓயும். பூநாரை முதலான வலசைப் பறவைகள் வந்து இறங்கியிருக்கும். மார்கழி, தை இரவுகளில் வானம் தெளிந்து காற்றும் அடங்கினால் தரை சீக்கிரம் குளிர்ந்து, விடிகாலையில் நீருக்கு மேலே மெல்லிய பனிமூட்டம் படரும். கடலோரம் என்பதால் தினமும் படராது. உள்நாட்டு ஏரிகளில்தான் அது அடர்த்தியாக வரும்.

இன்னொரு விஷயம், சூரியன் உதிக்கும் திசை. டிசம்பர் கடைசியில் நம் பக்கம் சூரியன் நேர்க்கிழக்கிலிருந்து 24 பாகை தெற்கே தள்ளி உதிக்கிறது. ஜூனில் அதே அளவு வடக்கே. இரண்டுக்கும் இடையே 48 பாகை. அதாவது, ஜூனில் சரியாக அமைந்த அதே இடத்தில் டிசம்பரில் நின்றால் சூரியன் பாலத்துக்குப் பின்னாலோ செல்போன் கோபுரத்துக்குப் பின்னாலோ போயிருக்கும். உதிக்கும் நேரமும் ஓரிடத்தில் நிற்பதில்லை. ஜூன் தொடக்கத்தில் 5.42, மார்ச் 20 வாக்கில் 6.13, ஜனவரி கடைசியில் 6.35. வருடத்திலேயே மிகத் தாமதமான உதயம் டிசம்பரில் வருவதில்லை, ஜனவரி பிற்பாதியில்தான் வருகிறது. தூக்கத்தை விட மனமில்லாதவர்களுக்கும் அந்த மாதமே நல்லது.

போகியன்று ஒரு தனிக்கணக்கு. வடசென்னையிலிருந்து பொன்னேரி வரை எரிக்கிற புகையும் பனியும் சேர்ந்து சூரியனைச் சிவப்புத் தட்டாக்கிவிடும். மூச்சுக்குக் கேடு, ஆனால் தூரத்துப் பொருளைப் பெரிதாக்கும் 300 மி.மீ. போன்ற நீள லென்ஸ் வைத்திருப்பவர்களுக்கு அன்று வேட்டை. அகலமான காட்சிக்கான வைட் லென்ஸ் மட்டும் இருந்தால் அன்று வீட்டில் பொங்கலுக்கு வேலை பாருங்கள்.

நம் ஊர் வெளிச்சம் நிற்காது

யூடியூபில் நிலக்காட்சிப் பாடம் எடுப்பவர்களில் பெரும்பாலோர் ஸ்காட்லாந்திலோ நார்வேயிலோ நின்று பேசுகிறார்கள். அங்கே சூரியன் அடிவானத்தை ஒட்டிச் சாய்வாக ஊர்ந்து ஏறும். கோடையில் வெளுக்கத் தொடங்கியதிலிருந்து உதயம் வரை முக்கால் மணி நேரத்துக்கு மேல் கிடைக்கும். தேநீர் குடித்தபடியே லென்ஸ் மாற்றலாம். நாம் இருப்பது 13 பாகை அட்சரேகையில். சூரியன் ஏறத்தாழச் செங்குத்தாக ஏறும். அது அடிவானத்துக்கு 6 பாகை கீழே இருக்கும் நிலையிலிருந்து எட்டிப்பார்ப்பது வரை 22, 23 நிமிடம்தான். உதித்த பிறகு அரை மணி நேரம் போனால் மஞ்சள் வெளுத்துப்போய் வெயிலாகிவிடும். உதயத்தை ஒட்டிய மஞ்சள் ஒளி நேரத்துக்கு அவர்கள் சொல்கிற 'பொன்வேளை'க் கணக்கை அப்படியே இங்கே கொண்டுவந்தால் பாதிப் படம் கைநழுவும்.

ஆகவே இடம் தேடுவது, உயரம் பார்ப்பது, ஃபோகஸ் பிடிப்பது எல்லாம் இருட்டிலேயே முடிந்திருக்க வேண்டும். உதயத்துக்கு 50 நிமிடம் முன்பே டிரைபாட் ஊன்றியாக வேண்டும். சென்னையிலிருந்து காரில் வருபவர்கள் அதிகாலை மூன்றரைக்குப் புறப்பட்டால் பதற்றமில்லை. பேருந்தை நம்பினால் முந்தின நாளே வந்து பொன்னேரியில் தங்குவதுதான் வழி.

முந்தின நாள் மாலை

இதுதான் மொத்த வேலையில் பாதி. மாலை நான்கு மணிக்கு ஏரிக்கரைக்குப் போய்விடுங்கள். மூன்று விஷயம் பார்க்க வேண்டும்.

முதலில் திசை. சூரியன் உதிக்கும் கோணத்தைக் காட்டும் செயலி எது கைவசம் இருந்தாலும் போதும். கரையில் நின்று மறுநாள் உதயத் திசையைப் பாருங்கள். அந்தக் கோட்டில் என்ன நிற்கிறது? ஊர்க்கரையிலிருந்து ஏரியைக் கடக்கும் பாலம் ஒன்று உண்டு, கரையில் அதற்கு வடக்கே நின்றால் டிசம்பரில் பாலம் படத்துக்குள் குறுக்கே வர வாய்ப்பு அதிகம். சிலருக்கு அது பிடிக்கும். எனக்குப் பாலத்தின் மேலேறி நிற்பதுதான் பிடிக்கும், காரணம் பின்னால் வருகிறது.

இரண்டாவது, தண்ணீர் மட்டம். முகத்துவாரம் திறந்திருந்தால் கடலின் ஏற்றமும் வற்றமும் ஏரியின் இந்த முனைக்கு வந்து சேரும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி வித்தியாசம் கூடும். மாலையில் தண்ணீராகத் தெரிந்த இடம் காலையில் சேறாகக் கிடக்கலாம். அது மோசம் என்று சொல்ல மாட்டேன். வற்றிய சேற்றில் நண்டு போட்ட கோலமும், ஆங்காங்கே தேங்கிய நீரில் விழும் வானமும் பல நாளில் நிறைந்த ஏரியைவிட நல்ல முன்புலம். ஆனால் எது கிடைக்கும் என்று தெரிந்துகொண்டு போக வேண்டும்.

அதற்கு அலைப்பட்டியலைவிட நல்ல வழி, வலை உலர்த்துகிறவரிடம் கேட்பது.

"அண்ணே, காலையில அஞ்சரைக்கு இங்க தண்ணி இருக்குமா?"

"நாளைக்கு வத்திடும். தண்ணி வேணும்னா அந்தப் படகு கட்டியிருக்காங்க பாரு, அங்க போ. கம்பு நட்டிருக்கிற இடத்த தாண்டி மட்டும் எறங்காத, உளை."

உளை என்றால் கால் வைத்தால் இழுத்துக்கொள்ளும் சேறு. எந்தச் செயலியும் இதைச் சொல்லாது. அந்தக் கம்புகளையும் சும்மா நட்டுவைத்த குச்சிகள் என்று எண்ண வேண்டாம். பழவேற்காட்டில் எந்த இடத்தில் யார் எந்த நாளில் வலை போடலாம் என்பதைப் 'பாடு' என்ற முறையில் மீனவர்கள் தங்களுக்குள் பங்கிட்டுக்கொள்வது வெகுகால வழக்கம். படத்துக்கு அழகாக இல்லை என்று ஒரு கம்பை நகர்த்தினாலும் அது ஒருவருடைய பிழைப்பில் கைவைப்பது.

மூன்றாவதாக, மேகம். வானிலைச் செயலிகளில் மேகத்தைத் தாழ்வானது, நடுத்தரம், உயரமானது என்று பிரித்துக் காட்டுபவை இருக்கின்றன. உயர மேகம் பஞ்சு பிய்த்தாற்போல் பரவியிருந்து, கிழக்கே கடல்மேல் தாழ்ந்த மேகம் இல்லாவிட்டால் அலாரத்தைத் தயங்காமல் வையுங்கள். நம் கடற்கரையில் குளிர்காலத்து நிலைமை பெரும்பாலும் நடுவாந்தரம்தான். தலைக்கு மேலே தெளிவாக இருக்கும், அடிவானத்தில் ஒரு மேகத்திட்டு படுத்திருக்கும். சூரியன் அதிகாரபூர்வ நேரத்துக்கு ஐந்து பத்து நிமிடம் கழித்துத் திட்டுக்கு மேலே தலைகாட்டும். நேரம் கடந்துவிட்டதே என்று மூட்டையைக் கட்டுபவர்கள் இழப்பது அந்தப் படத்தைத்தான்.

பையில் என்ன

கேமரா எதுவானாலும் சரி, ரா கோப்பாக, அதாவது சென்சார் பதிந்ததை அப்படியே வைக்கும் கோப்பாகப் பதிய முடிந்தால் நல்லது. 24-70 மி.மீ. போல ஒரு லென்ஸ், 70-200 அல்லது 70-300 மி.மீ. போல இன்னொன்று. டிரைபாட் கட்டாயம். தலைவிளக்கு, முடிந்தால் சிவப்பு ஒளி உள்ளது. லென்ஸ் துடைக்கப் பழைய பருத்தித் துணி இரண்டு. கொசுவுக்கு ஏதாவது. காலுக்கு, நாடா இறுகக் கட்டிய பழைய கேன்வாஸ் ஷூ. செருப்பு சேற்றிலேயே தங்கிவிடும். வெறுங்கால் ஆபத்து. சிப்பி ஓடு பிளேடு மாதிரி கிழிக்கும், கெளுத்தி முள் குத்தினால் அன்றைய பொழுது போச்சு.

இதோடு மூன்று கொட்டாங்குச்சி. சிரிக்க வேண்டாம். ஈரச் சேற்றில் ஊன்றிய டிரைபாட் நின்ற மாதிரி தெரிந்தாலும் மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டிருக்கும். 20 விநாடி எக்ஸ்போஷரில், அதாவது ஷட்டர் அவ்வளவு நேரம் திறந்திருக்கையில், அந்த இறக்கம் போதும், படம் கலங்கிவிடும். ஒவ்வொரு காலுக்கடியிலும் அரைக் கொட்டாங்குச்சியைக் கவிழ்த்து வைத்து, கையால் ஒருமுறை அழுத்திவிட்டால் அசையாது. கால்கள் மூன்றையும் நன்றாக விரித்து, நடுத்தண்டை ஏற்றாமல் விடுங்கள்.

பளபளப்பைக் குறைக்கும் சிபிஎல் ஃபில்ட்டரை விட்டுவிட்டு வாருங்கள். சூரியனை நோக்கி எடுக்கையில் அதனால் வானத்துக்குப் பயனில்லை, பிரதிபலிப்பை வேறு தின்றுவிடும். வானத்தை மட்டும் கறுக்கவைக்க மேல்பாதி இருண்டிருக்கும் ஜிஎன்டி ஃபில்ட்டர் இருந்தால் எடுத்துக்கொள்ளலாம். மென்மையாக மாறுகிற இரண்டு ஸ்டாப் ஒன்று போதும் (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி பாதியாவது அல்லது இரட்டிப்பாவது), காரணம் கீழே.

ஏசி பற்றி ஒரு எச்சரிக்கை. லாட்ஜ் அறையில் இரவு முழுக்க ஏசி ஓடி, அதே குளிரோடு கேமராவை வெளியே எடுத்தால் அந்தக் கடலோர ஈரக்காற்றில் லென்ஸ் முழுக்க வியர்த்துவிடும். துடைக்கத் துடைக்க மறுபடி படியும். அது வடிவதற்குள் நல்ல வெளிச்சம் போய்விடும். இரவு பையை ஏசி இல்லாத இடத்தில் வையுங்கள். காரில் வரும்போது கடைசி அரை மணி நேரம் ஏசியை நிறுத்திக் கண்ணாடியை இறக்கிவிடுங்கள்.

எங்கே நிற்பது, எவ்வளவு உயரத்தில்

சமவெளி நீர்நிலையில் அரை அடி உயர வித்தியாசம் படத்தையே மாற்றும். கேமராவைத் தரையோடு தாழ்த்தினால் படகின் பிரதிபலிப்பு நீண்டு வரும், வலைக்கம்பு வானத்தில் எழுந்து நிற்கும். ஆனால் நடுவில் இருக்கும் தண்ணீர் முழுவதும் ஒரு நாடாவாகச் சுருங்கிவிடும். பத்துப் படகுகள் ஒன்றன்மேல் ஒன்று ஒட்டிக்கொண்டு ஒரே கறுப்புக் கட்டியாகும். கேமராவை உயர்த்தினால் படகுகளுக்கு இடையே தண்ணீர் தெரியும், வற்றிய சேற்றில் ஓடும் வாய்க்கால்களின் வளைவு தெரியும். பாலத்தின்மேல் நிற்கப் பிடிக்கும் என்று சொன்னது இதற்காகத்தான். அங்கிருந்து ஏரி கோடாகத் தெரியாது, பரப்பாகத் தெரியும். கைப்பிடிச் சுவரை ஒட்டி, வண்டிகளுக்கு வழிவிட்டு நில்லுங்கள். லாரி போகும்போது பாலம் அதிரும், அது கடந்த பிறகு ஷட்டரை அழுத்துங்கள்.

எளிய விதி ஒன்று. ஒற்றைப் பொருள், உதாரணமாக ஒரு படகோ ஒரு கம்போ, என்றால் தாழ்வாக. பல பொருள்கள் என்றால் உயரமாக.

எதை எடுத்தாலும் அந்தப் பொருள் அடிவானக் கோட்டை வெட்ட வேண்டும், அல்லது முழுக்க அதற்குக் கீழே தனியாக இருக்க வேண்டும். கம்பின் நுனி சரியாகக் கோட்டைத் தொட்டுக்கொண்டு நின்றால் கண் அங்கேயே இடறும். டிரைபாடை ஒரு சாண் ஏற்றியிறக்கி இதைச் சரிசெய்யலாம்.

சூரியன் எவ்வளவு பெரிதாக வேண்டும் என்பதையும் இப்போதே முடிவுசெய்யுங்கள். சென்சாரில் விழும் சூரியனின் அளவு, லென்ஸின் குவிதூரத்தில், அதாவது அதன்மேல் போட்டிருக்கும் மி.மீ. எண்ணில், ஏறத்தாழ 110இல் ஒரு பங்கு. 24 மி.மீ. லென்ஸில் அது கால் மில்லிமீட்டர்கூட வராது, 24 மி.மீ. உயரமுள்ள முழுச்சட்டக சென்சாரில் வெறும் புள்ளி. 200 மி.மீ. போட்டால் 1.8 மில்லிமீட்டர், அதாவது படத்தின் உயரத்தில் பதின்மூன்றில் ஒரு பங்கு. படகோட்டியின் தலைக்குப் பின்னால் தாம்பாளம் அளவு சூரியன் வேண்டும் என்றால் படகிலிருந்து வெகுதூரம் தள்ளி நின்று நீள லென்ஸில் எடுக்க வேண்டும். வைட் லென்ஸைக் கொண்டு சூரியனைப் 'பிடிக்க' முயல்வதில்தான் அந்த ஆரஞ்சுப் புள்ளிப் படங்கள் பிறக்கின்றன.

நிமிடக் கணக்கு

கீழே சொல்லும் அளவுகள் தொடங்குவதற்கான இடம் மட்டுமே. மேகத்தைப் பொறுத்து ஒன்றிரண்டு ஸ்டாப் மாறும்.

*உதயத்துக்கு 50 நிமிடம் முன்.* டிரைபாட் ஊன்றியாயிற்று. ஃபோகஸை இப்போதே முடித்துவிடுங்கள். லைவ் வியூவில், அதாவது கேமராவின் பின்திரையில், தூரத்து விளக்கு ஒன்றைப் பெரிதாக்கிக் கையால் ஃபோகஸ் செய்யுங்கள், பிறகு அதைத் தொடாதீர்கள். முன்புலத்தில் அருகே ஏதாவது இருந்தால், முழுச்சட்டகக் கேமராவில் 24 மி.மீ., எஃப் 11 (லென்ஸ் துளையின் அளவு, எண் கூடினால் துளை சிறிது) வைத்து இரண்டு மீட்டருக்கு ஃபோகஸ் செய்தால் ஒரு மீட்டரிலிருந்து அடிவானம் வரை ஏற்கத்தக்க கூர்மை கிடைக்கும். நிறத்தைச் சமன்செய்யும் ஒயிட் பேலன்ஸை ஆட்டோவில் விடாதீர்கள், நீலத்தையும் ஆரஞ்சையும் பிடித்துச் சராசரியாக்கிவிடும். பகலொளி என்று வையுங்கள்.

*40 நிமிடம் முன்.* ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளியுணர்வு) 200, எஃப் 8, 20 முதல் 30 விநாடி. கண்ணுக்கு இருட்டு, சென்சாருக்கு ஆழ்ந்த நீலம். ஏரி கண்ணாடியாக இருப்பது பெரும்பாலும் இந்த நேரத்தில்தான். இரவில் தரையிலிருந்து கடலை நோக்கி வீசும் காற்று பொதுவாக மெல்லியதுதான். கடற்காற்று எழ முற்பகலாகும். வாடை பலமாக வீசுகிற நாளில் இந்தக் கணக்கு செல்லாது. அன்று பிரதிபலிப்பை மறந்துவிட்டு, நீண்ட எக்ஸ்போஷரில் சிற்றலைகள் பட்டுபோல் மழுங்குவதைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். படகு ஆடினால் 30 விநாடியில் அது பேயுருவம்போல் மங்கித் தெரியும். ஐஎஸ்ஓவை 800க்கு ஏற்றி விநாடியைக் குறையுங்கள், அல்லது தரைதட்டி நிற்கும் படகாகப் பாருங்கள்.

*25 முதல் 10 நிமிடம் முன்.* அன்றைய நாளின் உச்சம் இதுதான். உயர மேகம் இருந்தால் கீழிருந்து விழும் ஒளியில் அது முதலில் கருஞ்சிவப்பாகவும் பிறகு இளஞ்சிவப்பாகவும் பற்றிக்கொள்ளும். ஐஎஸ்ஓ 100, எஃப் 8, சில விநாடிகள், பிறகு விநாடிக்கும் கீழே. ஒவ்வொரு மூன்று நிமிடத்துக்கும் வெளிச்சம் கூடிக்கொண்டே போகும் என்பதால் ஒவ்வொரு படத்துக்குப் பின்னும் ஹிஸ்டோகிராமை, அதாவது இருளிலிருந்து வெளிச்சம் வரை இடமிருந்து வலமாகக் காட்டும் வரைபடத்தைப் பாருங்கள். அதிலும் எல்லா நிறத்தையும் சேர்த்துக் காட்டும் வெள்ளை வரைபடத்தைப் பார்த்து நிம்மதியடைய வேண்டாம். படத்தின் சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று நிறச் சானல்களில், விடியல் வானில் முதலில் உடைவது சிவப்பு. மொத்த வரைபடம் ஒழுங்காக இருக்கும்போதே சிவப்பு மட்டும் வலது சுவரில் மோதியிருக்கும். பிறகு கணினியில் எவ்வளவு இழுத்தாலும் அந்த இடம் தட்டையான ஆரஞ்சுச் சாயமாகவே இருக்கும். மூன்று சானல்களையும் தனித்தனியே காட்டும்படி அமைத்துக்கொண்டு, சிவப்பு சுவரைத் தொடாத அளவுக்குக் குறைத்து எடுங்கள்.

தண்ணீரில் தெரியும் வானம் எப்போதும் மேலே இருக்கும் வானத்தைவிட இருண்டிருக்கும். தூரத்து நீரில் வித்தியாசம் குறைவு. உங்கள் காலடி நீரில் அதிகம், அங்கே ஒளி உள்ளே இறங்கி அடிச்சேறு தெரியத் தொடங்கும். வலுவான ஜிஎன்டி போட்டு வானத்தை மட்டும் கறுக்கவைத்தால் பிரதிபலிப்பு வானத்தைவிடப் பிரகாசமாகிவிடும். பார்ப்பவருக்கு என்ன தப்பு என்று சொல்லத் தெரியாது, ஆனால் படத்தை நம்ப மாட்டார். இரண்டு ஸ்டாப்புக்கு மேல் வேண்டாம் என்றது இதனால்தான். இப்போதைய சென்சார்களுக்குச் சூரியன் வரும்வரை ஃபில்ட்டரே தேவைப்படுவதில்லை.

*உதயத்துக்கு 15 நிமிடம் முன் ஒருமுறை முதுகுப்பக்கம் திரும்புங்கள்.* மேற்கு அடிவானத்தில் சாம்பல்நீலப் பட்டை ஒன்று, அதன்மேல் இளஞ்சிவப்புப் பட்டை ஒன்று. கீழே இருப்பது பூமியின் நிழல். சூரியன் ஏற ஏற அது இறங்கி மறையும். எல்லோரும் கிழக்கே பார்த்து நிற்பதால் இதை எடுப்பவர் குறைவு. பாலத்தின்மேல் நின்றால் மேற்கே ஊர்க்கரையும் கட்டிய படகுகளும் இந்த இரண்டு நிறங்களின் கீழே, நிழலே இல்லாத மென்மையான ஒளியில் கிடக்கும். என் கணக்கில் பழவேற்காட்டின் சிறந்த படம் இங்கேதான் இருக்கிறது.

*உதயம்.* விளிம்பு தெரிவதிலிருந்து முழு வட்டம் வெளிவரும் வரை இரண்டு நிமிடத்துக்குச் சற்று மேல். நீள லென்ஸ் ஏற்கெனவே மாட்டியிருக்க வேண்டும். ஐஎஸ்ஓ 100, எஃப் 11, 1/60 விநாடிக்கு அருகே தொடங்கிச் சூரியன் ஏற ஏறக் குறையுங்கள். கரையை விட்டுக் கிளம்பும் படகு, வலை இழுக்கும் கை போன்ற அசைவு இருந்தால் 1/500க்குப் போய் ஐஎஸ்ஓவை ஏற்றுங்கள். கண் பத்திரம். நீள லென்ஸ் மாட்டிய டிஎஸ்எல்ஆரின் கண்துளை வழியே சூரியனைப் பார்க்கவே கூடாது, திரையில் பாருங்கள். கூர்முனை நட்சத்திரம் போன்ற சூரியன் வேண்டுமானால் எஃப் 16 வைத்து, கம்பின் விளிம்பில் சூரியன் பாதி மறைந்த கணத்தில் அழுத்துங்கள்.

*அதன் பிறகு 20 நிமிடம்.* மறுபடி திரும்புங்கள், அல்லது பக்கவாட்டில் பாருங்கள். ஏரியில் இறால் தடவும் பெண்களின் பின்னால் ஒளி விளிம்பு கட்டும், வலையிலிருந்து சொட்டும் நீர் மின்னும், கரைக்கு வரும் படகுகளில் மீன் இறங்கும்.

ஆட்களும் பறவைகளும்

தூரத்து நிழலுருவத்துக்கு யாரும் ஆட்சேபம் சொல்ல மாட்டார்கள். முகம் தெரியும் தூரத்துக்குப் போனால் கேட்டுவிடுங்கள். இடுப்பளவு நீரில் நின்று கையால் துழாவி இறால் பிடிப்பவர்களில் இருளர் பெண்கள் பலர். நனைந்த சேலையோடு வேலைசெய்கிற நேரத்தில் கேமரா நீட்டுவது யாருக்கும் பிடிக்காது. "அக்கா, ஒரு போட்டோ எடுத்துக்கவா?" என்று கேட்டு, வேண்டாம் என்றால் சரி என்று நகர்ந்துவிடுங்கள். எடுத்த படத்தை அங்கேயே காட்டுவது, அடுத்த முறை அச்சுப் போட்டுக் கொண்டுவந்து கொடுப்பது, இரண்டும் நம்மால் முடிகிற காரியம்.

பூநாரைக் கூட்டம் தள்ளித்தான் நிற்கும். அவற்றைப் பறக்கவைத்து எடுக்கும் படத்தில் பெருமை எதுவும் இல்லை. ஆழமில்லாத நீரில் அலகால் அலசிக்கொண்டே இருந்தால்தான் அவற்றுக்கு வயிறு நிறையும், கலைத்தால் அந்த நேரம் வீண். தூரத்தில் ஒரு ரோஜா நிறக் கோடாக அவை தெரிவதே நிலக்காட்சிக்குப் போதும். இது பறவைகள் சரணாலயம், பக்கத்தில் விண்வெளி மையம். டிரோன் எண்ணத்தை வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

படகுச் சவாரியும் அப்படித்தான். 2011 டிசம்பர் 25 அன்று சுற்றுலா வந்தவர்களின் படகு இங்கே கவிழ்ந்து பலர் இறந்துபோனார்கள். யாராவது காசுக்கு ஏற்றிப்போகிறேன் என்றாலும் ஏறாதீர்கள். மேலே சொன்ன படங்கள் எல்லாம் கரையிலும் பாலத்திலும் நின்று எடுக்கக் கூடியவை.

கைபேசி மட்டும் இருந்தால்

சிறிய டிரைபாடும் கைபேசிப் பிடியும் வாங்குங்கள், மற்றதெல்லாம் இருக்கிறது. லென்ஸை முதலில் துடையுங்கள், பாதிப் பேர் விரல் எண்ணெயோடுதான் எடுக்கிறார்கள். வானத்தில் பிரகாசமான இடத்தைத் தொட்டு அழுத்திப் பிடித்து எக்ஸ்போஷரைப் பூட்டிவிட்டு, விரலைக் கீழே இழுத்துச் சற்றுக் குறையுங்கள். விடியலுக்கு முன் நைட் மோடு நன்றாகவே வேலை செய்யும். சூரியனுக்கு 2 அல்லது 3 மடங்கு லென்ஸ், அதற்கு மேல் பெரிதாக்க வேண்டாம். பல எக்ஸ்போஷர்களை ஒன்றுசேர்க்கும், தானாக ஓடும் எச்டிஆர் நிழலையெல்லாம் தூக்கிக் காட்டிப் படத்தைச் சுண்ணாம்பாக்கும், முடிந்தால் அணைத்துவிடுங்கள்.

பழவேற்காடு தூரம் என்றால்

சென்னையில் பள்ளிக்கரணை இருக்கிறது, 2022இல் முக்கிய ஈரநிலங்களுக்கான சர்வதேச ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. சாலையோரம் நின்றே எடுக்கலாம், பின்னணியில் கட்டடங்கள் வரும். அவற்றை ஒளிக்க முயலாமல் அவற்றையே விஷயமாக்கினால் படம் நிற்கும். கன்னியாகுமரி மாவட்டத்தில் சுசீந்திரம் பக்கம் தேரூர் குளம் வேறு ரகம். அங்கே சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்றால் முதல் வெயில் மலைமேல் விழுந்து, அந்த மலை குளத்தில் விழும்.

வீட்டுக்கு வந்ததும்

முதலில் அடிவானத்தை நேராக்குங்கள். மலைக்காட்சியில் ஒரு பாகை சாய்ந்தால் யாருக்கும் தெரியாது, ஏரிப் படத்தில் தண்ணீர் வழிந்து ஓடுவதுபோல் இருக்கும். பிறகு எஃப் 11, 16 அளவுகளில் எடுத்ததால் வானத்தில் தெரியும் தூசிப் புள்ளிகளை நீக்குங்கள். நிழலைத் தூக்குகையில் படகின் உட்பலகை வரை தெரியவைக்க வேண்டியதில்லை, அந்த நேரத்தில் கண்ணுக்கே அது தெரிந்திருக்காது. நிறச்செறிவை மொத்தமாகக் கூட்டாமல் ஆரஞ்சை மட்டும் தொட்டுப் பாருங்கள். பெரும்பாலான நாளில் கூட்டுவதற்குப் பதில் குறைக்கத்தான் வேண்டியிருக்கும். வானத்தில் என்ன மாற்றம் செய்தாலும் நீரிலும் அதில் பாதியாவது செய்யுங்கள், இரண்டும் ஒரே வெளிச்சம்தான்.

கணினி முன்னால் உட்காரும் முன், டிரைபாட் கால்களை முழுக்க நீட்டி நல்ல தண்ணீரில் அலசி, பூட்டுகளைக் கழற்றி உள்ளே போன மணலையும் வெளியேற்றி, நிழலில் காயவையுங்கள். உவர்நீர் உலர்ந்து உப்புக் கட்டினால் அடுத்த முறை விரிக்கும்போது கால் இறங்காது. கேமராவின் வெளிப்புறத்தையும் லென்ஸ் வளையங்களையும் ஈரத்துணியால் ஒருமுறை, உலர்ந்த துணியால் ஒருமுறை துடைத்துவிடுங்கள்.